தாலி மாறலாம், பெயர் மாறலாமா?

*(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)*



‘திருமணத்துக்குப் பின் பெண் தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணுரிமையைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்த இரண்டு பக்கமும் போகப் போவதில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக முப்பது ஆண்டுகள் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தவன் நான். அந்தப் பாரத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். மனைவி தமிழ்நாட்டுப் பெண். மேசைமீது ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொட்டினார். திருமணச் சான்றிதழில் ஒரு பெயர். கடப்பிதழில் இன்னொரு பெயர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்று மூன்றாவதாக ஒன்று. “ஐயா, மூன்றும் இவள்தான். ஆனால், மூன்றும் இவள்தான் என்று நிரூபிக்க ஒரு தாளும் இல்லை” என்றார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றது.

தவறு எங்கே நடந்தது? யாரும் ஏமாற்றவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. திருமணமான மகிழ்ச்சியில், விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் பெயரை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

நம் ஊரில் யார் பெயர் மாற்றுகிறார்கள்?

முதலில் ஒரு கேள்வி. சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டின் அடியில் நின்று, போகிற வருகிற பெண்களின் அடையாள அட்டையை எல்லாம் வாங்கிப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் அட்டையில் கணவர் பெயர் இருக்கும்?

மலாய்க்காரப் பெண்ணின் அட்டையில் அவர் பெயருக்குப் பின்னால் ‘பிந்தி’ என்று வரும். அதற்கடுத்து வருவது தந்தையின் பெயர். கல்யாணம் ஆனாலும் அதுதான், பேரன் எடுத்தாலும் அதுதான். சீனப் பெண்ணின் அட்டையில் முதலில் நிற்பது குடும்பப் பெயர். அது அவர் பிறந்த வீட்டுப் பெயர். புகுந்த வீட்டுப் பெயர் அல்ல. நம் பெண்ணின் அட்டையில் ‘ஏ/பி’. ‘அனாக் பெரம்புவான்’, அதாவது இன்னாருடைய மகள். அங்கேயும் தந்தை பெயர்தான்.

ஆக, இந்த ஊரில் வாழும் மூன்று இனத்திலும், அடையாள அட்டையில் கணவர் பெயரை ஏற்றும் வழக்கமே இல்லை. ‘திருமதி செல்வம்’ என்று அழைப்பிதழில் போடுவோம். பள்ளியில் ‘புவான்’ என்று கூப்பிடுவார்கள். அது மரியாதை. சட்டம் அல்ல. மலேசியச் சட்டம் எந்தப் பெண்ணையும் ‘கல்யாணம் ஆகிவிட்டது, பெயரை மாற்று’ என்று கேட்பதில்லை.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் வழக்கத்தில் வந்த பாரத்திலிருந்து வந்தது. அந்தப் பாரத்தில் இரண்டு கட்டம். ஒன்று ‘சர்நேம்’, இன்னொன்று ‘கிவன் நேம்’. வடநாட்டில் சர்மா, படேல் என்று குடும்பப் பெயர் உண்டு. ஐரோப்பாவில் உண்டு. தமிழனுக்கு அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் நம் பெயர். அந்த முதல் எழுத்து அப்பாவுடையது. நம் பிள்ளைக்கு நம் பெயர் முதல் எழுத்தாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். மாறிக்கொண்டே இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று எதையோ எழுதி நிரப்புகிறோம். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

கணவன் மனைவி அண்ணன் தங்கை ஆன கதை

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கற்பனைப் பெயர்கள்தான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பெண், பெயர் மு. கலைச்செல்வி. அப்பா பெயர் முருகேசன். இந்தியக் கடப்பிதழில் முதல் எழுத்தைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். எனவே ‘கலைச்செல்வி’ என்பது பெயர், ‘முருகேசன்’ என்பது சர்நேம் என்று கடப்பிதழ் எடுக்கிறார். சரி.

மாப்பிள்ளை சுங்கைப் பட்டாணி. பெயர் செல்வம், தந்தை ராமசாமி. அட்டையில் ‘செல்வம் ஏ/எல் ராமசாமி’. திருமணம் முடிகிறது. ஊரில் யாரோ ஒருவர், “மாப்பிள்ளையின் சர்நேமைப் போட்டுப் பாஸ்போர்ட்டை மாற்றிவிடு, விசா சுலபமாகக் கிடைக்கும்” என்கிறார். மாப்பிள்ளையின் சர்நேம் எது? கடைசியில் நிற்பது ராமசாமி. போட்டாயிற்று. இப்போது பெண்ணின் பெயர் ‘கலைச்செல்வி ராமசாமி’.

நம் நாட்டு அதிகாரி அதை எப்படிப் படிப்பார்? செல்வம், ராமசாமியின் மகன். கலைச்செல்வி, ராமசாமியின் மகள்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். முகப்பில் நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. கணவரின் பெயரைச் சேர்க்கிறேன் என்று நினைத்து, மாமனாரின் பெயரைத் தந்தை இடத்தில் வைத்துவிட்டார்கள். பெற்ற அப்பா முருகேசன் காணாமல் போய்விட்டார். பிறப்புச் சான்றிதழில் முருகேசன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முருகேசன், திருமணப் பதிவில் முருகேசன், புதுக் கடப்பிதழில் மட்டும் ராமசாமி.

‘பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லாவிட்டால் விசா கிடைக்காது’ என்பதும் வெறும் பேச்சு. இந்திய வெளியுறவு அமைச்சு 2016 டிசம்பரில் கடப்பிதழ் விதிகளைத் தளர்த்தியது. மணமானவர்கள் கடப்பிதழ் விண்ணப்பத்தோடு திருமணச் சான்றிதழை இணைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது போயிற்று. திருமணத்துக்குப் பின் பெண்கள் கடப்பிதழில் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று 2017 ஏப்ரலில் இந்தியப் பிரதமரே அறிவித்தார். கணவர் பெயரைக் குறிக்க வேண்டும் என்றால், விண்ணப்பத்தில் துணைவர் பெயருக்கென்று தனி இடமே இருக்கிறது. அங்கே ‘செல்வம்’ என்று எழுதினால் போதும். தன் பெயரைத் தொட வேண்டியதில்லை.

படிகள் மூன்று, பெயர் ஒன்று

மலேசியரை மணந்து இங்கே வருகிற பெண்ணுக்குப் பாதை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வேலை திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு கட்டாயம். மலேசியர் ஒருவர் வெளிநாட்டில் மணந்தால், திருமணம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, திரும்பி வந்தபின் இங்கேயோ அதைப் பதிய வேண்டும். தமிழ்நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். இந்தச் சான்றிதழ்தான் அடித்தளம். இதில் மணமகளின் பெயர் அன்றைய கடப்பிதழில் உள்ளபடி ஏறும்.

அடுத்து மூன்று படிகள். முதற்படி, குடிநுழைவுத் துறை தரும் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். கணவர்தான் பொறுப்பாளர். அவர் கையொப்பம் வேண்டும், அவர் நேரில் வர வேண்டும். இந்தப் பாஸில் இருக்கும் பெண் வேலைக்குப் போக வேண்டுமானால் அத்துறையின் அனுமதி வேண்டும். இரண்டாம் படி நிரந்தரவாசம், நாம் சொல்லும் சிவப்பு அடையாள அட்டை. மூன்றாம் படி குடியுரிமை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 15(1) பிரிவு, மலேசியக் குடிமகனின் மனைவி இரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, நன்னடத்தையோடு, நிரந்தரமாக வாழும் எண்ணத்தோடு விண்ணப்பித்தால் பதிவு பெறலாம் என்கிறது. நடைமுறையில் சிவப்பு அட்டை முதலில் வேண்டும்.

இந்த மூன்று படிகளும் ஒரு நாளில், ஓர் ஆண்டில் முடிவதில்லை. அதற்குள் குழந்தை பிறந்து பள்ளிக்குப் போய்விடும். ஒரு படியில் எழுதிய பெயரைத்தான் அடுத்த படியில் எடுத்துப் பார்ப்பார்கள். பழைய கோப்பில் இருக்கும் பெயரும், புதுக் கடப்பிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், ‘இவர் யார்?’ என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்த அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஆளைத் தெரியாது. தாளைத்தான் தெரியும்.

மாற்றுவது சுலபம், மீட்பது கடினம்

இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். திருமணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்கிறோம். சில பயிர் கருகிவிடுகிறது. கணவர் பெயரைக் கடப்பிதழில் ஏற்றிய பெண், மணமுறிவுக்குப் பின் பழைய பெயருக்குத் திரும்ப நினைத்தால் என்ன ஆகும்?

2024-ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப வேண்டுமானால், மணவிலக்குத் தீர்ப்பையோ கணவரின் ஆட்சேபம் இல்லாக் கடிதத்தையோ காட்ட வேண்டும் என்று இந்திய அரசிதழ்ப் பெயர் மாற்றத்துக்கு ஒரு விதி இருந்தது. அதை எதிர்த்துத்தான் வழக்கு. எண்ணிப் பாருங்கள். பெயரைச் சேர்க்கும்போது வாழ்த்துச் சொன்னார்கள். எடுக்கும்போது, யாரை விட்டு விலகுகிறாரோ அவரிடமே கையெழுத்து வாங்கி வா என்றார்கள்.

நம் நாட்டிலும் இந்தப் பக்கத்தை மறக்கக் கூடாது. மனைவி என்ற முறையில் குடியுரிமை பெற்ற பெண்ணின் திருமணம் குறிப்பிட்ட இரண்டு ஆண்டுக்குள் முறிந்தால், அந்தக் குடியுரிமையை அரசு திரும்பப் பெறலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இரண்டு ஆண்டு திருமண நாளிலிருந்து கணக்கிடப்பட்டு வந்தது. 2024 அக்டோபர் 17-இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், குடியுரிமை பெற்ற நாளிலிருந்து கணக்கிட வழி செய்தது. மலாய் மொழி அறிவும் வேண்டும் என்று அதே திருத்தம் சேர்த்தது. மலேசியாவிலும் இரட்டைக் குடியுரிமை இல்லை, இந்தியாவிலும் இல்லை. நீல அட்டைக்காக இந்தியக் கடப்பிதழைத் துறந்த பெண், நீல அட்டையையும் இழந்தால் எந்த ஊர்க்காரி? அப்படி ஒரு நாள் வந்தால், அவள் யார் என்று சொல்லும் பழைய தாள்கள் எல்லாம் ஒரே பெயரில் இருப்பதுதான் அவளுக்குத் துணை.

தாளின் அருமை தோட்டத்துக்குத் தெரியும்

நமக்கு இது புதிய பாடம் அல்ல. கெடாவின் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் கிராணியார். அவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே லெட்சுமிக்கு ஆங்கில எழுத்தில் நாலு விதம். அண்ணன் அட்டையில் அப்பா ‘முனியாண்டி’, தம்பி அட்டையில் ‘முனியன்’. அன்று யாரும் கவலைப்படவில்லை. ரப்பர் மரம் பெயர் கேட்பதில்லையே!

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அன்றுதான் தாளின் அருமை தெரிந்தது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் தாள் சரியாக இல்லாதவர்கள், பினாங்கில் கப்பல் ஏறினார்கள். பல்லாயிரம் பேர். பிறகும் எத்தனையோ குடும்பங்கள் சிவப்பு அட்டையோடும், அட்டையே இல்லாமலும் நின்றன. 2011-இல் அரசு ‘மைடஃப்தார்’ என்று ஓர் இயக்கம் நடத்தி, ஆவணம் இல்லாத இந்தியர்களைத் தேடிப் பதிய வேண்டியிருந்தது. அறியாமல் செய்த எழுத்துப் பிழைக்கே அந்தப் பாடு என்றால், தெரிந்தே நாம் ஒரு பெயர் வேற்றுமையை உண்டாக்கலாமா?

உலகம் என்ன செய்கிறது?

‘வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாரும் மாற்றுகிறார்களே’ என்று கேட்கலாம். எல்லாரும் இல்லை. பிரான்சில் 1794-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்புப் பதிவில் உள்ள பெயரே ஒருவரின் சட்டப் பெயர். கணவர் பெயரை வழக்கத்தில் பயன்படுத்தலாம், பிறந்த பெயர் அழியாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் பெண்கள் பிறந்த பெயரிலேயே உரிமைகளைச் செலுத்துகிறார்கள். கிரேக்கத்தில் 1983 முதல் அப்படியே. எதிர்ப்பக்கம் ஜப்பான் இருக்கிறது. அங்கே கணவன் மனைவி ஒரே குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் உறுதி செய்தது. ஆனால் ஜப்பானியர் வெளிநாட்டவரை மணந்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

இங்கிருந்து வெளியே போகும் நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கும், சர்நேம் என்று பிரித்துக் காட்டாது. வெளிநாட்டுப் பாரம் பிரித்துக் கேட்கும். முதல் விசாவில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதினீர்களா? கடைசி வரை அப்படியே எழுதுங்கள். ஒரு தடவை ‘ஏ/பி’ சேர்த்து, ஒரு தடவை விட்டு, ஒரு தடவை கணவர் பெயரைப் போட்டு விளையாடாதீர்கள்.

தனிப் பெயர் மட்டும் வைத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள், கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்றன. பிறகு, கடப்பிதழின் வேறு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தின. ஆகவே சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாமல், முதல் நாளிலேயே தந்தை பெயரை எழுதி வைப்பது நல்லது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

சில பெண்களுக்கு ஆசை இருக்கும். ‘அவர் பெயர் என் பெயரோடு இருக்க வேண்டும்’ என்பது அன்பு. அதை நான் தடுக்க மாட்டேன். முறையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நேரம். முதல் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாற்றுங்கள். அல்லது எல்லாம் முடிந்த பின் மாற்றுங்கள். நடுவில் வேண்டாம்.

இரண்டு, வரிசை. முதலில் திருமணச் சான்றிதழ். அதைக் காட்டிக் கடப்பிதழ். பிறகு பாஸ், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம். தலைகீழாகப் போகாதீர்கள்.

மூன்று, பழைய கடப்பிதழைத் தூக்கிப் போடாதீர்கள். நம் நாட்டுப் பாஸ் அதில்தான் ஒட்டியிருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் கொண்டுபோய்ப் பாஸைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், பெயர் மாறிய செய்தியைக் கோப்பு எண்ணோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

நான்கு, விமானச் சீட்டு கடப்பிதழில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும். புதுப் பெயர்மீது ஆசைப்பட்டுப் பழைய கடப்பிதழோடு நிற்காதீர்கள்.

ஐந்து, பெயர் ஏற்கெனவே மாறிப்போய்த் தாள்கள் முரண்பட்டால், பயந்து மறைக்காதீர்கள். ‘இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் செய்யலாம். இந்தியத் தாள்களுக்கு, பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்ட பிரதி கைகொடுக்கும். எந்தப் பாரத்திலும் ‘வேறு பெயர் உண்டா?’ என்று கேட்டால், உண்டு என்று எழுதுங்கள். ஒளித்தால்தான் குற்றம்.

முடிவாக

அன்று வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உறுதிமொழிப் பத்திரம் செய்தோம். ஊரிலிருந்து அவர் அப்பா பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் தபாலில் அனுப்பினார். குழந்தையின் பதிவில் தாய் பெயரைத் திருத்த மனுப் போட்டோம். சுங்கைப் பட்டாணிக்கும் கோலாலம்பூருக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தியத் தூதரகத்துக்கு அவர்கள் மூன்று முறை போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பிக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. கடைசியில் தாள்கள் எல்லாம் ஒரு பெயருக்கு வந்தன. எந்தப் பெயருக்குத் தெரியுமா? அப்பா முதலில் வைத்த பெயருக்கு.

கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் ஒன்றே ஒன்று சொன்னது: “எங்க அப்பா பேரு திரும்ப வந்துடுச்சு ஐயா.” முதல் நாள் வாயே திறக்காத பெண் அது.

பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆண் பிள்ளைக்குத் தவம் கிடந்த சமுதாயம் நாம். மலேசிய அடையாள அட்டை, மகளையும் கடைசி வரை தந்தை பெயர் சொல்லும் பிள்ளையாக வைத்திருக்கிறது. கல்யாணத்தில் நம் பெண்கள் பிறந்த வீட்டை விட்டு, ஊரை விட்டு, சிலர் நாட்டையே விட்டு வருகிறார்கள். பெயரையாவது கையோடு கொண்டுவரட்டுமே!

மாப்பிள்ளை வீட்டாரே, கெடாவுக்குப் பெண் எடுக்கும்போது அவள் நகைப் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அவள் கடப்பிதழைப் பாருங்கள். அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயரிலேயே அவளை அழைத்து வாருங்கள்.